புடம் போடாத வாதம்

சென்ற இதழில் வந்த அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை என்ன சொல்கிறார் என்று பார்க்க. இரண்டாம் முறை, மெய்யாகவே இதைத்தான் சொல்கிறாரா என்று உறுதி செய்துகொள்ள. இதைத்தான் சொல்கிறார். கீழடிப் பானையோட்டில் கார்பன் நானோகுழாய் இருக்கிறது. டமாஸ்கஸ் வாளிலும் இருக்கிறது, அந்த வாளின் உருக்கு நம் மண்ணிலிருந்து போனது. சித்த மருத்துவத்தின் பற்பமும் செந்தூரமும் நானோ துகள்கள். ஆகவே இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1959ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் கலிஃபோர்னியாவில் எழுந்து நின்று நுண்ணளவில் பொருளை ஆள்வதைப் பற்றிப் பேசுவதற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நாம் நானோ தொழில்நுட்பத்தில் கரைகண்டவர்கள். மேற்கு அதைத் திருடிக்கொண்டது. மிச்சமிருப்பதைச் சோதிக்கும் அருகதை நவீன விஞ்ஞானத்துக்கு இல்லை. மருத்துவம், வேதியியல், உலோகவியல், நானோவியல் என்று நான்கு துறைகளையும் நான்கே பக்கங்களில் தீர்த்துக்கட்டிய வேகத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. நான்கில் ஏதாவது ஒன்றில் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கியிருந்தால் இந்த எதிர்வினைக்கு வேலையே இருந்திருக்காது.

நண்பரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருக்குச் சங்கடம் தரக்கூடாது என்பதல்ல காரணம். இந்தச் சரக்கு அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. பட்டமளிப்பு விழா மேடைகளிலும், வாட்ஸ்அப் குழுமங்களிலும், பாட்டில் மேல் ஒட்டிய சீட்டுகளிலும் பல ஆண்டுகளாக அரைத்த மாவு இது. நண்பர் அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தோசை வார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் தோசை இலக்கிய இதழ் ஒன்றின் இலையில் பரிமாறப்பட்டிருப்பதால், புளித்திருக்கிறதா என்று சொல்லவேண்டிய கடமை சாப்பிடுகிறவனுக்கு வந்துவிடுகிறது.

முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். நானோகுழாய் இருந்தது, ஆகவே நானோ அறிவு இருந்தது. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி என்று பொய்யான காரணங்களை வகை வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். நம் மரபின் மீது இத்தனை காதல் கொண்ட நண்பர் மரபின் அந்தப் பக்கத்தை மட்டும் எப்படித் தாண்டிப்போனார் என்று தெரியவில்லை. புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது அனுமானம். புகையைக் கண்டு, அந்த நெருப்பை மூட்டியவருக்கு எரிதலின் வேதியியல் தெரியும் என்று ஊகித்தால் அதற்கு என்ன பெயர்?

கீழடி ஆய்வு பொய்யில்லை. வேலூர் விஐடி ஆய்வாளர்களை உள்ளிட்ட குழு ஒன்று 2020இல் 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியிட்டது. பொ.ஆ.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பானையோடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சில் ஒற்றைச் சுவர் நானோகுழாய்கள் தென்பட்டன. ஏதோ தாவரச் சாற்றைப் பூசிச் சூளையில் சுட்டபோது இவை உருவாகியிருக்கலாம் என்று அவர்கள் ஊகித்தார்கள். மண்ணுக்குள் அத்தனை நூற்றாண்டு கிடந்தும் அந்தப் பூச்சு உரியவில்லை என்பதுதான் அதில் அழகு. நல்ல ஆய்வு, நல்ல செய்தி. ஆனால் "சுட்டபோது உருவாகியிருக்கலாம்" என்ற சொற்களுக்கும் "உருவாக்கத் தெரிந்திருந்தது" என்ற சொற்களுக்கும் நடுவே ஒரு பெரும்பள்ளம் இருக்கிறது. நண்பர் அதைத் தாண்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடந்திருக்கிறார்.

என் பாட்டி கண்மை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியைத் தோய்த்து நிழலில் உலர்த்தித் திரிப்பாள். அகலில் ஆமணக்கெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவாள். இரண்டு பக்கமும் செங்கல் வைத்து மேலே ஒரு செம்புத் தட்டைக் கவிழ்ப்பாள். காலையில் தட்டின் அடியில் வெல்வெட்டுப் போலக் கரி படிந்திருக்கும். அந்தக் கரியில் நானோ அளவுத் துகள்கள் நிச்சயம் இருந்திருக்கும். விளக்குக்கரி என்பதே அத்தகைய நுண்துகள்களின் குவியல்தான். சாதாரண மெழுகுவர்த்திச் சுடருக்குள் நொடிக்கு ஏறத்தாழ 15 லட்சம் நானோ வைரத் துகள்கள் உண்டாகி எரிந்துபோகின்றன என்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் 2011இல் கண்டறிந்தார்கள். அப்படியானால் பிறந்தநாள் கேக்கை ஊதி அணைக்கும் குழந்தை, வைர ஆலையை மூடும் முதலாளியா? தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருள்வதற்கு அதன் மேலிருக்கும் மிக நுண்ணிய மெழுகு மேடுகள் காரணம் என்று ஜெர்மனியின் பார்ட்லாட், நைன்ஹூயிஸ் இருவரும் 1997இல் விளக்கினார்கள். நண்பரின் அளவுகோலை வைத்தால் நம் ஊர்க் குளங்கள் எல்லாம் நானோ ஆய்வுக்கூடங்கள். தவளைகள் ஆய்வு மாணவர்கள். பாட்டிக்குத் தெரிந்தது வேறு: எந்த எண்ணெய், எவ்வளவு உயரத்தில் தட்டு, எந்தப் பதத்தில் மை கண்ணில் உறுத்தாது. அது அறிவு. அந்த அறிவைப் பாராட்ட நானோ என்ற சொல் எதற்கு?

இங்கேதான் நண்பரின் பெரிய தவறு தொடங்குகிறது. முன்னோரைத் தூக்கிப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு, அவர்களுக்குத் தெரிந்திருந்ததை விட்டுவிட்டு, தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாததற்கு மாலை போடுகிறார். உருக்கையே பாருங்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பு உருக்கிய தடயங்கள் அகழாய்வில் கிடைத்தன. சேலம் பகுதியில் உருக்கு செய்யும் முறையை, 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். உமிக்கரி கலந்து பிசைந்த களிமண்ணில் சிறு மூசைகள். உள்ளே இரும்புத் துண்டுகளும், நறுக்கிய ஆவாரஞ்சுள்ளியும். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. காற்றுப் புகாமல் ஈரமண்ணால் வாயை அடைத்து, இருபது இருபத்துநாலு மூசைகளைச் சிறிய உலைக்குள் வளைவாக அடுக்கி, துருத்தி ஓயாமல் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். மூசையை உடைத்தால் உள்ளே நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரி கலந்த உருக்குக் கட்டி. வெப்பமானி இல்லை, கடிகாரம் இல்லை, நிறமாலைமானி இல்லை. தீயின் நிறத்தையும், மூசையைக் குலுக்கினால் உள்ளே உருகியது தளும்புகிறதா என்பதையும் வைத்து ஒருவர் முடிவெடுத்தார். உலகத்தின் மிகச் சிறந்த உருக்கு இப்படித்தான் பிறந்தது. இந்தக் கையை, இந்தக் கண்ணை, இந்தக் காதைப் பற்றி நண்பரின் கட்டுரையில் ஒரு வரி உண்டா? துருத்தி உண்டா? ஆவாரை உண்டா? கொல்லர் என்ற சொல்லாவது உண்டா? தேடிப் பார்த்தேன், இல்லை. ஜெர்மானிய நுண்ணோக்கியில் தெரிந்த குழாய் மட்டும் இருக்கிறது.

அந்தக் குழாயையும் சரியாகப் பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. டிரெஸ்டனைச் சேர்ந்த பீட்டர் பாஃப்லர் குழு 2006இல் 'நேச்சர்' இதழில் எழுதிய குறிப்பு, பெர்ன் வரலாற்று அருங்காட்சியகத்தின் ஒரு வாளைப் பற்றியது. அசத் உல்லா என்ற வாள்கொல்லரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 17ஆம் நூற்றாண்டு வாள் அது. அதன் சிறு துண்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தபோது நானோகுழாய்களும், குழாய்க்குள் அடைபட்ட இரும்புக் கார்பைடு இழைகளும் மிஞ்சின. டமாஸ்கஸ் உருக்கை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஜான் வெர்ஹோவன், வாளின் சிறப்புக்கு நானோகுழாய்தான் காரணம் என்பதை ஏற்கவில்லை. அவருடைய விளக்கம் வேறு. தாதுவில் லட்சத்தில் சில பங்கு அளவுக்குக் கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்கள், கார்பைடைப் பட்டை பட்டையாக வரிசைப்படுத்தின. அந்தப் பட்டைகள்தாம் வாளின் நீரோட்டக் கோலம். அந்தத் தாது தீர்ந்தபோது, அதே மூசை, அதே துருத்தி, அதே கை இருந்தும் கோலம் வரவில்லை. இரண்டொரு தலைமுறையில் கலையே அற்றுப்போயிருக்கும் என்றார் அவர்.

இந்த இடத்தில் வாசகர் சற்று நிற்கவேண்டும். எப்படி என்று தெரிவதற்கும் ஏன் என்று தெரிவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஏன் என்று தெரிந்திருந்தால், தாது மாறியபோது கொல்லர் வேறு தாதுவைத் தேடியிருப்பார், அல்லது குறைந்ததைக் கலந்திருப்பார். தெரியாததால் கலை செத்தது. நண்பர் சொல்வதுபோல் நம்மவர்களிடம் நானோ தொழில்நுட்பமே இருந்திருந்தால், உருக்கு ஏன் செத்தது? கட்டுரையில் பதில் இல்லை, ஏனென்றால் கேள்வியே இல்லை. அந்த வாளை மறுபடி செய்து காட்டியவர்கள் யார்? உலோகவியல் பேராசிரியர் வெர்ஹோவனும், குதிரைகளுக்கு லாடம் கட்டும் ஃப்ளோரிடாக்காரக் கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேவும். ஆய்வுக்கட்டுரையில் இருவர் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் எத்தனை ஆய்வுக்கட்டுரைகளில் பேராசிரியர் பெயருக்குப் பக்கத்தில் பட்டறைக்காரர் பெயர் இருக்கிறது?

இரண்டாவது, திருட்டு வாதம். 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் நம் உருக்கைப் பற்றிப் படித்த கட்டுரை அச்சில் ஊரறிய வெளிவந்தது. நண்பர் விரும்பினால் இன்றைக்கும் படிக்கலாம். திருடன் திருட்டுப் பொருளுக்குப் பொருளடக்கம் போட்டு வெளியிடுவானா? 1818 முதல் 1822 வரை மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வணிகரோடு சேர்ந்து அந்த உருக்கின் இரகசியத்தைத் தேடினார். அலுமினியம்தான் காரணம் என்று நினைத்தார், தவறிவிட்டார். தவறியதும் அச்சில் இருக்கிறது. திருடிய பொருளை வைத்துக்கொண்டு ஒருவன் ஏன் நான்கு வருடம் தேடவேண்டும்? காலனிய ஆட்சி நம் இரும்புத் தொழிலை நசுக்கியது உண்மை. மலிவான இறக்குமதி இரும்பும் காட்டுச் சட்டங்களும் உலைகளை அணைத்தன. அது கொள்ளை, அதற்கு ஆவணம் உண்டு, அதைப் பேசுங்கள், நானும் கூட வருகிறேன். ஆவணமுள்ள கொள்ளையை விட்டுவிட்டு ஆவணமில்லாத நானோ திருட்டுக்குப் புகார் எழுதிக்கொடுப்பவரை எந்தக் காவல்நிலையத்தில் உட்காரவைப்பார்கள்?

ஃபாரடேவைப் பற்றி இன்னொன்று. அவர் ஒரு கொல்லரின் மகன். அதே ஃபாரடே 1857இல், தங்கத்தைக் கரைசலிலிருந்து மிக நுண்ணிய துகள்களாகப் பிரித்து மாணிக்கச் சிவப்பில் ஒரு திரவம் உண்டாக்கினார். அந்தக் குப்பிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்னும் இருக்கின்றன. தங்கம் ஏன் சிவக்கிறது என்று கேட்டு, துகளின் நுண்மைதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கண்ணாடிக் கிண்ணமான லைகர்கஸ் கோப்பையும் தங்க, வெள்ளி நுண்துகள்களால்தான் ஒளி ஊடுருவும்போது சிவக்கிறது. ஆனால் நானோ அறிவியலின் வரலாறு எழுதுகிறவர்கள் ரோமானியரைக் கைவினைக்கும், ஃபாரடேவைக் கேள்விக்கும் நினைவுகூர்கிறார்கள். ரோமானியருக்கு இதனால் மானம் போய்விட்டதாக இத்தாலிய இதழ் எதுவும் அழுததாகத் தெரியவில்லை.

இனி மருத்துவம். இங்கே நகைச்சுவையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். பானை உடைந்தால் வேறு பானை வாங்கலாம், சிறுநீரகம் போனால் வாங்க முடியாது.

பற்பம் முடிந்ததா என்று பார்க்க நம் வைத்தியர்கள் வைத்திருக்கும் சோதனைகள் தெளிவானவை. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை வைத்துத் தேய்த்தால் ரேகைக்குள் படியவேண்டும்; தண்ணீரில் தூவினால் மிதக்கவேண்டும்; பளபளப்பு இருக்கக்கூடாது; நாக்கில் சுவை தெரியக்கூடாது. கருவி இல்லாத காலத்துக்கு அருமையான தரக்கட்டுப்பாடு. நண்பர் இதையே நானோ அளவுக்கான சான்று என்கிறார். விரலில் ஒரு ரேகைக்கும் அடுத்த ரேகைக்கும் இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். நானோமீட்டர் கணக்கில் 5 லட்சம். அந்தப் பள்ளத்துக்குள் படிகிற தூள் நானோ என்றால், வாய்க்காலுக்குள் நுழைகிற யானையும் எறும்புதான். கோதுமை மாவும் ரேகையில் படியும். அதையும் சப்பாத்தி நானோ மருத்துவம் என்று அழைக்கலாமா? சில பற்பங்களில் நானோ அளவுத் துகள்கள் கலந்திருப்பதைக் கருவிகள் காட்டியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அதைக் காட்டியது விரல் அல்ல, எலக்ட்ரான் நுண்ணோக்கி.

சரி, நானோவாகவே இருக்கட்டும். அதனால் என்ன? நானோ என்பது ஓர் அளவு. அது நற்சான்றிதழ் அல்ல. நண்பர் தூக்கிக் கொண்டாடும் அதே கார்பன் நானோகுழாய், நீண்ட ஊசிவடிவில் எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தப்பட்டபோது கல்நார் இழையைப் போல அழற்சியை உண்டாக்கியதாக 2008இல் 'நேச்சர் நானோடெக்னாலஜி' இதழ் எழுதியது. புற்றுநோய் மருந்தைக் கொழுப்புக் கூட்டுக்குள் அடைத்த முதல் நானோ மருந்துக்கு 1995இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியை வாங்கித் தந்தது எவ்வளவு கொடுத்தால் என்ன ஆகும் என்ற கணக்கு. துகள் சிறியது என்ற பெருமை அதற்குப் போதவில்லை.

நண்பர் வழுக்கி விழும் இடம் இதற்கடுத்த பத்தி. பற்பத்திலும் செந்தூரத்திலும் உள்ள பாதரசம் கந்தகத்தோடு கட்டுண்டு கரையாத வடிவில் இருக்கிறது, உடம்பு அதை உறிஞ்சாது, ஆகவே நஞ்சில்லை என்கிறார். நல்லது. நான்கு வரி தள்ளி, நானோ துகள் என்பதால் அது உயிரணுவின் சுவரையே ஊடுருவி நோயின் வேரைத் தொடும் என்கிறார். எதை நம்புவது? உடம்புக்குள் புகாது என்றால் எப்படிக் குணமாக்கும்? புகும் என்றால் பாதரசமும் சேர்ந்துதானே புகும்? மருந்து உள்ளே போய்விட்டு நஞ்சு வாசலில் செருப்போடு காத்திருக்குமா? நன்னூல் பத்துக் குற்றங்களில் மாறுகொளக் கூறல் என்று ஒன்றை வைத்திருக்கிறது. மிகைபடக் கூறலும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. ஒரே பத்தியில் இரண்டையும் செய்துகாட்டிய உரைநடை தமிழில் அபூர்வம்.

'சுத்தி செய்தால் நஞ்சு முறிந்துவிடும்' என்பது அடுத்த கவசம். முறியலாம், முறியாமலும் போகலாம். ஒவ்வொரு மருந்தாக, ஒவ்வொரு தயாரிப்பாகப் பார்த்தால்தான் தெரியும். பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழில் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒன்றுக்கும் மேலானவற்றில், துல்லியமாகச் சொன்னால் 20.7 விழுக்காட்டில், காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ரசவகை மருந்துகளில் இது 40.6 விழுக்காடு. 'இந்திய மருந்தைக் கெடுக்க வெள்ளைக்காரன் சதி' என்று சொல்ல நண்பர் வாயெடுக்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் தயாரான மருந்துகளில் 21.7 விழுக்காடு, இந்தியாவில் தயாரானவற்றில் 19.5 விழுக்காடு. தன் வீட்டுச் சரக்கையே கொஞ்சம் மோசம் என்று காட்டிக்கொடுக்கிற சதிகாரனை நான் இதுவரை பார்த்ததில்லை.

அப்புறம் அந்தத் தலையாய வாதம்: நவீன விஞ்ஞானத்தின் அளவுகோல் நம் மருத்துவத்துக்குப் பொருந்தாது. மூன்றாம் பக்கத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கி, எக்ஸ் கதிர்ப் படம், 'சர்வதேச ஆய்விதழ்' என்று நவீன விஞ்ஞானத்தின் முத்திரையை வரிசையாகக் குத்திக்கொண்டவர், நான்காம் பக்கத்தில் அதே விஞ்ஞானம் "எத்தனை நோயாளிகளுக்குக் கொடுத்தீர்கள், கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டீர்களா?" என்று கேட்டதும், வாசலிலேயே நின்று தீட்டு என்கிறார். சீதனம் வேண்டும், மருமகள் வேண்டாம் என்கிற சம்பந்தி இவர். எக்ஸ் கதிர்ப் படம் அந்தத் தூள் என்ன என்று சொல்லும். அது என்ன செய்யும் என்று சொல்லாது. இரண்டுக்கும் இடையே நோயாளி ஒருவர் படுத்திருக்கிறார். சர்வதேச ஆய்விதழ்களைப் பொறுத்தவரை ஒரு தகவல் போதும். பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு மே மாதம், தான் அங்கீகரித்த பட்டியலிலிருந்து ஒரே மூச்சில் 4,305 இதழ்களை நீக்கியது. சர்வதேசம் என்று அட்டையில் அச்சடிப்பதற்கு மை மட்டும் போதும்.

மரபு மருத்துவத்தைச் சோதிப்பது அதை அவமதிப்பதாகும் என்று நினைக்கிறவர்களுக்கு ஹார்பின் நகரத்தைக் காட்ட விரும்புகிறேன். வடகிழக்குச் சீனாவில் உள்ள அந்த ஊரில் 1970களில் சாங் டிங்டாங் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் ஒரு நாட்டு மருந்தைக் கையில் எடுத்தார்கள். அதில் மூன்று சரக்கு: வெள்ளைப் பாஷாணம், பூரம், தேரையின் நஞ்சு. நம் சித்த வைத்தியர் முதல் இரண்டையும் பெயர் சொன்னவுடனே அடையாளம் கண்டுகொள்வார். ஆர்சனிக் ட்ரையாக்சைடு, பாதரசக் குளோரைடு. மருந்து சில இரத்தப் புற்றுநோயாளிகளுக்குப் பயன் தருவது தெரிந்தது. நண்பராக இருந்தால் அந்த நிமிடமே விழா எடுத்து, 'மூலிகை, தாது, ஜீவ வர்க்கங்களின் நானோ சங்கமம்' என்று துண்டறிக்கை அடித்திருப்பார். அவர்கள் அடிக்கவில்லை. மூன்றையும் பிரித்தார்கள். எது வேலை செய்கிறது, எது வெறுமனே கூட வந்திருக்கிறது, எது சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். வேலை செய்தது பாஷாணம். பாதரசமும் தேரை நஞ்சும் வெளியே போயின. எந்த வகை இரத்தப் புற்றுக்கு அது கேட்கிறது என்று பார்த்து, ஒரே ஒரு வகையில், ஏபிஎல் என்று சுருக்கமாகச் சொல்லும் கடும் புரோமைலோசைட் வகையில், வந்து நின்றார்கள். ஷாங்காய் மருத்துவர்கள் அது உயிரணுவுக்குள் எந்தப் புரதத்தைச் சிதைக்கிறது என்பதைக் கண்டார்கள். 2000இல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதித்தது. சில நாட்களிலேயே ஆளைக் கொன்றுவிடக்கூடிய அந்த நோயில், இன்றைக்கு அந்தப் பாஷாணத்தையும் வைட்டமின் ஏ வழிவந்த இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் பத்துப் பேரில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் பிழைக்கிறார்கள்.

மலேரியா மருந்தைத் தேடிய சீன விஞ்ஞானி டூ யூயூவும் நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் எழுதிய வைத்திய நூலில், காய்ச்சலுக்கான ஒரு செடியைக் காய்ச்சாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைக் கவனித்தார். சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகித்தார்; குறைந்த வெப்பத்தில் ஈதரில் பிரித்தெடுத்தார்; விலங்குகளில் பார்த்தார்; நோயாளிக்குக் கொடுக்குமுன் தானே விழுங்கிப் பார்த்தார். 2015இல் நோபல் பரிசு வந்தது. நம்மிடமும் இப்படி ஒன்று நடந்ததே: சர்ப்பகந்தாவை இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்து, அளந்து, கணக்கு வைத்து, மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதியபோது உலகம் திரும்பிப் பார்த்தது. பழைய நூலை இவர்கள் வாசித்தது மருந்து தேடி. நண்பர் வாசிப்பது கைதட்டல் தேடி.

எனக்குத் தெரிந்த சித்த வைத்தியர் ஒருவர் இருக்கிறார். நண்பரின் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பற்பத்துக்கு நானோன்னு பேர் வெச்சா அனுபானம் மாறிடுமா தம்பி? பத்தியம் குறைஞ்சுடுமா?" என்று கேட்டார். பிறகு, "பேரு மாறினா வெலைதான் மாறும்" என்றார். நண்பரின் நான்கு பக்கங்களில் இல்லாத பொருளாதாரம் இந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. நானோ என்ற சொல் யாருக்கு வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். நோயாளிக்கு வேண்டாம், வைத்தியருக்கும் வேண்டாம். பாட்டிலுக்கு வேண்டும்.

கடைசியாக ஆச்சார்ய பிரஃபுல்ல சந்திர ராய். தன் கட்சிக்குச் சாட்சியாக அவரை நண்பர் கூண்டில் ஏற்றியிருக்கிறார். ராயின் 'இந்து வேதியியல் வரலாறு' நூலைப் பார்த்தாவது நம் ரசவாதத்தின் பெருமை தெரியாதா என்று கேட்கிறார். நண்பர் கேட்டபடியே பார்த்தேன். 1902இல் வந்த முதல் தொகுதியில், இந்த நாட்டில் ஆராயும் மனம் ஏன் அவிந்தது என்று ராய் தனியாக ஆராய்கிறார். பாதரச உப்புகளை வாழ்நாள் முழுக்கக் கையாண்ட, வங்கத்தின் முதல் மருந்து ஆலையைக் கட்டிய அந்த மனிதர் வெள்ளைக்காரனைக் கைகாட்டவில்லை; சாதியைக் காட்டுகிறார். கையால் வேலை செய்கிறவர்களைக் கீழே தள்ளி, படித்தவர்கள் கையில் அழுக்குப் படாமல் ஒதுங்கிக்கொண்டபோது, எப்படி என்று தெரிந்தவரும் ஏன் என்று கேட்கக்கூடியவரும் ஒரே இடத்தில் சந்திக்க வழியில்லாமல் போனது என்பது அவர் வாதத்தின் சாரம். கூப்பிட்டவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிற சாட்சி இவர். நண்பர் நூலின் அட்டையைக் கூண்டில் ஏற்றிவிட்டு உள்ளே பார்க்காமல் இருந்துவிட்டார்.

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்லவருகிறேன். உருக்கு ஏன் செத்தது என்ற கேள்விக்குத் தாது மட்டும் பதிலில்லை. தீயின் நிறம் பார்த்தவரின் மகனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை; பள்ளிக்கூடம் போனவருக்குத் துருத்தியைத் தொட மனமில்லை. லண்டனில் ஒரு கொல்லரின் மகன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மேசை போட்டு உட்கார்ந்து, நம் கொல்லரின் உருக்கை ஆராய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்த உருக்கைச் செய்தவரின் பெயரை இங்கே யாரும் எழுதிவைக்கவில்லை. இரண்டு நூற்றாண்டு கழித்து அவருக்கு நன்றி சொல்ல எழுந்த நண்பரும் அவர் பெயரைத் தேடவில்லை; நுண்ணோக்கியின் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நண்பர் பதில் எழுதுவார், எழுதட்டும். எழுதும்போது மூன்று கேள்விகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கினால் போதும். நீங்கள் பெருமைப்படும் பற்பங்களில் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள். அது எந்த நோய்க்கு, எந்த அளவில், எதோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது? எந்த முடிவு வந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்? மூன்றாவதற்கு 'எதுவும் மாற்றாது' என்பது பதிலானால், முதல் இரண்டையும் எழுதிச் சிரமப்படவேண்டாம். ஹார்பினில் மூன்று சரக்கில் இரண்டைத் தூக்கிப் போட்டார்கள். மிஞ்சிய ஒன்றுதான் மருந்தானது.